ஸ்கேனர் வாங்கும் முன் உங்கள் அரத்தின் வேலையை அளந்து பாருங்கள்

கேள்வி: செயற்கைக் கால், காலிப்பர் (பலவீனமான காலைத் தாங்கும் பிரேஸ்), முதுகு பிரேஸ் செய்யும் சிறிய பட்டறை ஒன்றை 19 வருடமாக நடத்தி வருகிறேன். என்னையும் சேர்த்து நான்கு பேர். இன்று வரை மாவுக்கட்டுத் துணி சுற்றி அச்சு எடுத்து, பிளாஸ்டர் ஊற்றி, அரத்தால் திருத்தித்தான் எல்லாம் செய்கிறோம். இப்போது ஒரு விற்பனையாளர் ஸ்கேனர், வடிவமைப்பு மென்பொருள், 3டி பிரிண்டர் மூன்றையும் ஒரே தொகுப்பாக வாங்கச் சொல்கிறார். இனி பிளாஸ்டரே தேவைப்படாது என்கிறார். எங்களிடம் புதிதாகச் சேர்ந்த தம்பியும் அதையே சொல்கிறார். ஆனால் அவர்கள் செயல்விளக்கமாகச் செய்து காட்டிய சாக்கெட்டை (செயற்கைக் காலில், மீந்த கால் நுழையும் கூடு) போட்டுப் பார்த்தவர், எலும்பு முனை குத்துகிறது என்று சொல்லிக் கழற்றிவிட்டார். தயக்கமாக இருக்கிறது, பின்தங்கிவிடுவோமோ என்று பயமும் இருக்கிறது. அச்சு திருத்துவதில் 27 வருட அனுபவம் உள்ள மூத்த தொழிலாளி ஒருவர் எங்களிடம் இருக்கிறார். அவர் நிலை என்ன ஆகும்? எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் மாறத்தான் வேண்டும். ஆனால் அந்தத் தொகுப்பை வாங்க வேண்டாம். ஸ்கேனரையும் மென்பொருளையும் மட்டும் வாங்குங்கள். வாங்கியபின் முதல் இரண்டு மூன்று மாதத்துக்கு அந்த ஸ்கேனரை யாருடைய கால் மேலும் திருப்பாதீர்கள். உங்கள் பட்டறையில் செய்யும் பிளாஸ்டர் அச்சுகள் மேல் திருப்புங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதுதான் இந்தக் கடிதத்தின் பாதி.

அந்தச் செயல்விளக்கச் சாக்கெட் ஏன் குத்தியது என்பதிலிருந்து தொடங்குவோம். மாவுக்கட்டு சுற்றும்போது நீங்கள் வடிவத்தை மட்டும் எடுப்பதில்லை. துணி இறுகுவதற்குள் இரண்டு கட்டைவிரலையும் முழங்கால் சில்லுக்குக் கீழே தசைநாணின் இரு பக்கமும் அழுத்துகிறீர்கள். உள்ளங்கையால் பின்பக்கச் சதையை முன்னே தள்ளுகிறீர்கள். வெளிப்பக்கம் துருத்தி நிற்கும் ஃபிபுலா தலை (கீழ்க்காலின் மெல்லிய வெளி எலும்பின் மேல்முனை) எங்கே, வெட்டிய எலும்பின் முனை எங்கே முடிகிறது, மேலே சதை எவ்வளவு இருக்கிறது, தழும்பு எலும்போடு ஒட்டியிருக்கிறதா, எங்கே தொட்டால் நரம்பு சுண்டுகிறது என்று எல்லாவற்றையும் விரல் படித்துக்கொண்டே போகிறது. அச்சு வெளியே வரும்போது பாதித் திருத்தம் அதிலேயே முடிந்திருக்கும். மீதியை அரம் முடிக்கிறது.

ஸ்கேனர் தொடுவதில்லை. காற்றில் தொங்கும் காலின் தோலை மட்டும் பார்க்கிறது. சுமை ஏறாத, யாரும் அழுத்தாத, தளர்ந்த வடிவம் அது. அதை அப்படியே எடுத்து, சுற்றளவை எல்லா இடத்திலும் ஒரே விகிதத்தில் குறைத்துச் சாக்கெட் செய்தால் சதை உள்ள இடமும் எலும்பு உள்ள இடமும் ஒரே அளவு இறுகும். சதை ஒதுங்கிக் கொடுக்கும். எலும்பு எங்கே போகும்? அந்த மனிதருக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஸ்கேன் சரியாகவே இருந்திருக்கலாம். விடுபட்டது உங்கள் கை செய்யும் வேலை.

எனக்கும் இது நடந்திருக்கிறது. முழங்காலுக்குக் கீழே கால் எடுக்கப்பட்ட ஒருவருக்கு முதன்முதலாக ஸ்கேன் செய்து சாக்கெட் கொடுத்தபோது திரையில் எல்லாம் அழகாக இருந்தது. மென்பொருளில் தயாராக இருந்த வார்ப்புருவை, அதாவது எங்கே எவ்வளவு திருத்த வேண்டும் என்ற முன்மாதிரியை, அவருடைய ஸ்கேன் மேல் பொருத்தி, அது சொன்ன அளவுகளை நம்பினேன். போட்டு நான்கு நாளில் முன்னெலும்பின் விளிம்பில் தோல் சிவந்து உரிந்துவிட்டது. ஆறுவதற்கு மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் அவர் ஊன்றுகோலில் வேலைக்குப் போனார். அந்த வார்ப்புரு யாரோ ஒருவருடைய கையின் பழக்கம். என் கைக்கும் அவருடைய காலுக்கும் அது பொருந்தவில்லை. அதற்கு முன் 15 வருடம் அந்த இடத்தை நான் தவறவிட்டதே இல்லை. ஆனால் அங்கே எத்தனை மில்லிமீட்டர் விடுகிறேன் என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது.

அதற்குப் பிறகு நான் செய்ததைத்தான் உங்களையும் செய்யச் சொல்கிறேன். வழக்கம்போல மாவுக்கட்டில் அச்சு எடுங்கள். பிளாஸ்டர் ஊற்றுங்கள். திருத்துவதற்கு முன் அந்த வார்ப்பை ஸ்கேன் செய்யுங்கள். உங்கள் மூத்தவர் வழக்கம்போலத் திருத்தி உப்புத்தாள் போட்டு முடிக்கட்டும். அதன்பின் இன்னொரு முறை ஸ்கேன் செய்யுங்கள். இரண்டையும் மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். எங்கே செதுக்கினார், எங்கே பிளாஸ்டர் சேர்த்தார், எத்தனை மில்லிமீட்டர் என்பது வண்ண வரைபடமாகத் தெரியும். அந்தச் சாக்கெட்டைப் போட்டு நடப்பவர் வசதியாக இருக்கிறது என்று சொன்னால் மட்டும் அந்த வரைபடத்தை வைத்துக்கொள்ளுங்கள். இப்படி 20, 30 வார்ப்புகள் சேர்ந்தால் உங்கள் பட்டறையின் கைப்பழக்கம் எண்களாக வந்துவிடும். மெலிந்த காலுக்கு ஒரு விதம், சதைப்பிடிப்பான காலுக்கு ஒரு விதம் என்று அவர் தன்னை அறியாமலே மாற்றிச் செய்வதும் அதில் தெரியும். நான் ஃபிபுலா தலை மேல் 3 மி.மீ. சேர்ப்பதாக நினைத்திருந்தேன். அளந்து பார்த்தால் 5 மி.மீ. இருந்தது. இனி நீங்கள் மென்பொருளில் வைத்துக்கொள்ள வேண்டிய வார்ப்புரு இதுதான். இதை எந்த விற்பனையாளரும் உங்களுக்குத் தர முடியாது.

இந்தப் பயிற்சிக்கு இன்னொரு பலனும் உண்டு. பிளாஸ்டர் அசையாது, வலிக்கிறது என்று சொல்லாது. கருவியைப் பழகுவதற்கு அதைவிட நல்ல மாடல் கிடையாது.

அப்புறம், கருவியையே சோதிக்க வேண்டும். விட்டம் துல்லியமாகத் தெரிந்த உருளை ஒன்றை எடுத்து வெர்னியர் காலிப்பரால் அளந்துகொள்ளுங்கள். அதை ஐந்து முறை ஸ்கேன் செய்யுங்கள். ஐந்தும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா, உண்மை அளவோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். 1 மி.மீ.தானே என்று விட்டுவிடாதீர்கள். 300 மி.மீ. சுற்றளவுள்ள ஸ்டம்பில் (வெட்டியபின் மீந்த காலில்) ஆரம் 48 மி.மீ. அளவில்தான் இருக்கும். ஆரத்தில் 1 மி.மீ. தவறினால் சுற்றளவில் 6 மி.மீ.க்கு மேல் தவறுகிறது. கொள்ளளவில் அது ஏறக்குறைய 4 சதவீதம். ஒருவர் சாக்கெட்டுக்குள் நுழைய முடியாமல் தவிப்பதற்கோ, அடி வரை இறங்கி எலும்பு முனையில் நிற்பதற்கோ அது போதும். அதனால் ஆளை ஸ்கேன் செய்யத் தொடங்கிய பிறகும் அளவு நாடாவை மூலையில் போடாதீர்கள். குறிப்பிட்ட உயரங்களில் சுற்றளவை நாடாவால் எடுத்து எழுதுங்கள். திரையில் அதே உயரங்களில் வரும் எண்ணோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைக்க வேண்டும்.

இன்னும் இரண்டு பொறிகள். ஸ்கேன் வடிவத்தைச் சேமிக்கும் எஸ்டிஎல் கோப்பில் அளவலகு பதிவாவதில்லை. மில்லிமீட்டரா அங்குலமா என்பது அதைத் திறக்கும் மென்பொருளின் ஊகம்தான். 25.4 மடங்கு தவறு கண்ணுக்கே தெரிந்துவிடும். ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது யாரோ தெரியாமல் 2 சதவீதம் சுருக்கிவிட்டால் தெரியாது. அதனால் கோப்பு கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு சுற்றளவைச் சரிபாருங்கள். இரண்டாவது, இடம் வலம் புரள்வது. மென்பொருளில் ஒரு பொத்தானைத் தவறி அழுத்தினால் இடது கால் வலது காலாகிவிடும். ஸ்கேன் செய்வதற்கு முன் தோலிலோ மேலே போடும் உறையிலோ பேனாவால் ஓர் எழுத்து எழுதிவிடுங்கள். நிறத்தையும் பதிவு செய்யும் ஸ்கேனர் என்றால், புரண்டிருந்தால் எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோலத் தெரியும். எலும்பு முனைகளையும் அதே பேனாவால் குறித்துவிடுங்கள். விரல் கண்டுபிடித்ததைக் கண்ணுக்குக் காட்டும் வழி அதுதான். கறுப்பு லைனரும் (சாக்கெட்டுக்குள் காலில் அணியும் மெத்தை உறை) பளபளப்பான பரப்பும் பல ஸ்கேனர்களைத் தடுமாற வைக்கும். மேலே மெல்லிய வெள்ளை உறை ஒன்றைப் போட்டுவிட்டால் சரியாகிவிடும்.

சரி, எந்த வேலையில் தொடங்குவது? முதுகு பிரேஸில். சந்தேகமே வேண்டாம். முதுகு வளைந்த ஒரு பிள்ளையை நிற்க வைத்து, உடம்பு முழுக்க ஈரப் பிளாஸ்டர் சுற்றி, அது இறுகும்வரை அசையாமல் இரு என்று சொல்வது எவ்வளவு கொடுமை என்று உங்களுக்குத் தெரியும். ஸ்கேனில் அது ஓரிரு நிமிட வேலை. எக்ஸ்ரேவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எங்கே அழுத்தம், எங்கே இடைவெளி என்று திரையில் நிதானமாக வடிவமைக்கலாம். பிடிக்காவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பலாம். பிளாஸ்டரில் அதிகம் செதுக்கிவிட்டால் பழைய வடிவத்துக்கு அப்படியே திரும்ப வழியில்லை. கைக்குழந்தையின் மண்டை வடிவத்தைச் சரிசெய்யும் ஹெல்மெட்டும் அப்படியே. அழும் குழந்தையின் தலையில் பிளாஸ்டர் சுற்ற வேண்டிய நிலை இல்லாமல் போவதே பெரிய விஷயம். பாத இன்சோலும் எளிதுதான்.

செயற்கைக் காலில் தொடங்கினால், புதிதாக அறுவை முடிந்து வந்தவரிடம் தொடங்காதீர்கள். அந்தக் கால் மாதாமாதம் சுருங்கிக்கொண்டே இருக்கும். சாக்கெட் பொருந்தாமல் போனால் தவறு ஸ்கேனிலா, வடிவமைப்பிலா, காலிலா என்று உங்களால் பிரித்துச் சொல்ல முடியாது. பல வருடமாக ஒரே சாக்கெட்டில் திருப்தியாக நடந்து, அது தேய்ந்து போனதால் மாற்ற வருபவரைத் தேர்ந்தெடுங்கள். அவருடைய பழைய சாக்கெட்டின் உட்பக்க வடிவத்தைப் பதிவு செய்து அதிலிருந்தே புதியதைச் செய்யலாம். டிஜிட்டலின் மிகத் தெளிவான லாபம் இதுதான் என்பேன். நன்றாகப் பொருந்திய ஒரு வடிவம் இனி தொலையாது. பிளாஸ்டர் அச்சை எத்தனை வருடம், எத்தனை அலமாரியில் வைத்திருக்க முடியும்?

கணுக்கால் பிரேஸை அவசரப்பட்டுத் தொடாதீர்கள். பாதத்தை நேராக்கிப் பிடித்துக்கொண்டுதான் வடிவம் எடுக்க வேண்டும். பிடிக்கும் கையே ஸ்கேனரை மறைக்கிறது. இறுக்கம் உள்ள காலில் இது இன்னும் கடினம். அங்கே பிளாஸ்டரிலேயே அச்சு எடுத்து, அந்த அச்சை ஸ்கேன் செய்து, மீதியைக் கணினியில் செய்யுங்கள். இப்படிப் பாதி பாதியாகச் செய்வதில் ஒரு குறையும் இல்லை. முழங்காலுக்கு மேலே எடுக்கப்பட்ட காலுக்கும் இதே நிலைதான். தொடையின் உட்பக்க மேல் பகுதி, உட்காரும் எலும்பு இருக்கும் இடம் எல்லாம் ஸ்கேனருக்குச் சரியாகத் தெரியாது. சதையும் தொங்கிக் கிடக்கும். அதனால்தான் பலர் அங்கே நாடா அளவுகளை எடுத்து, ஏற்கெனவே உள்ள ஒரு வடிவத்தை அந்த அளவுகளுக்கு மாற்றிக்கொள்கிறார்கள்.

இது பழைய வழிதான். கணினியில் சாக்கெட் வடிவமைக்கும் முயற்சி 1980களிலேயே வான்கூவரில் ஜேம்ஸ் ஃபோர்ட் குழுவிடமும் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜிலும் நடந்துகொண்டிருந்தது. நாற்பது வருடம் ஆகிவிட்டது. பின்தங்கிவிடுவோமோ என்று பயப்படுகிறீர்கள் அல்லவா? ஆறு மாதம் நிதானமாகக் கற்றுக்கொண்டால் ஒன்றும் கெட்டுவிடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இப்போது பிரிண்டருக்கு வருகிறேன். ஸ்கேன் செய்தால் பிரிண்ட் செய்தே ஆக வேண்டும் என்று ஒரு நினைப்பு பரவியிருக்கிறது. அப்படி ஒன்றும் இல்லை. திரையில் திருத்திய வடிவத்தைக் கடினமான நுரைக் கட்டையில் இயந்திரம் கடைந்து கொடுக்கும். அதன்மேல் நீங்கள் இன்று செய்வதுபோலவே பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி இழுக்கலாம், துணி மேல் பிசின் ஊற்றி இறுக வைக்கும் லாமினேஷனும் செய்யலாம். கடையும் இயந்திரத்தை வாங்கவும் வேண்டாம். கோப்பை அனுப்பினால் கடைந்து தரும் நிலையங்கள் இருக்கின்றன. உங்களுக்கு இதில் பெரிய பாதுகாப்பு ஒன்று உண்டு. சாக்கெட்டின் பொருளும் பலமும் நீங்கள் 19 வருடமாகக் கண்ணால் பார்த்தவை. வடிவம் வந்த வழி மட்டும்தான் புதிது. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால், உடையும்போது எதனால் உடைந்தது என்று தெரியாது.

பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கு அடுக்காக வைக்கும் சாதாரண பிரிண்டரில் செய்த பொருள், அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையில்தான் பலவீனம். சாக்கெட்டை நிமிர்த்தி வைத்து அச்சிட்டால் அடுக்குகள் கிடைமட்டமாக வரும். நடக்கும்போது வளைக்கும் விசையோ அடுக்குகளைப் பிரிக்கும் திசையில் இழுக்கிறது, அதுவும் அடியில், சாக்கெட்டைக் கீழ்ப்பகுதியோடு இணைக்கும் அடாப்டர் சேரும் இடத்தில் அதிகமாக. பாலிப்ரொப்பிலீன் வெள்ளையாகி, மடிந்து, முன்கூட்டியே எச்சரிக்கும். இது திடீரென்று பிரிந்துவிடக்கூடும். படியில் இறங்கும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நைலான் தூளை உருக்கி இணைக்கும் பெரிய இயந்திரங்களில் வரும் பொருள் எல்லாத் திசையிலும் ஏறக்குறைய சமமான பலத்தோடு இருக்கும். ஆனால் அந்த இயந்திரம் சிறு பட்டறைக்கானது அல்ல. பாலிப்ரொப்பிலீனைப்போல ஹீட் கன்னால் ஓர் இடத்தைச் சூடாக்கி வெளியே தள்ளிவிடலாம் என்ற வசதியும் அதில் குறைவு.

விற்பனையாளர் பலத்தைப் பற்றிப் பேசினால் ஒரே கேள்வி கேளுங்கள்: எந்தச் சோதனை, எந்தச் சுமை, எத்தனை சுழற்சி? செயற்கைக் காலின் பலத்தைச் சோதிக்கும் ஐஎஸ்ஓ 10328 தரநெறியில், ஒரு பாகம் 30 லட்சம் சுழற்சிகளைத் தாங்க வேண்டும். அவர் காட்டும் சாக்கெட்டை அதே பொருளில், அதே தடிமனில், அதே பிரிண்டரில் செய்து அந்த அளவுக்குச் சோதித்த அறிக்கை இருந்தால் வாங்கிப் படியுங்கள். இல்லையென்றால் பிரிண்டரை, உங்கள் முன்னால் போட்டுப் பார்க்கும் சோதனைச் சாக்கெட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். இணை கம்பிக்கு நடுவில் நாலு அடி நடந்து பார்த்துவிட்டுக் கழற்றிவிட வேண்டும். வீட்டுக்குப் போட்டு அனுப்பக் கூடாது. எவ்வளவு கெஞ்சினாலும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இன்னொன்றும் கேளுங்கள். வருடச் சந்தாவை நிறுத்திவிட்டால் என் பழைய கோப்புகளை நான் திறக்க முடியுமா? எந்த மென்பொருளிலும் திறக்கும் வடிவில் வெளியே எடுக்க முடியுமா? பதில் இழுத்தால் வேறு மென்பொருளைப் பாருங்கள். நான் மேலே சொன்ன வரைபடங்கள் எல்லாம் உங்கள் பட்டறையின் சொத்து. அதற்கு நீங்கள் வாடகை கட்டக் கூடாது. கோப்புகள் எங்கே சேமிக்கப்படுகின்றன என்பதும் முக்கியம். பிளாஸ்டர் அச்சைப் பார்த்து அது யாருடையது என்று வெளியாள் சொல்ல முடியாது. ஆனால் முதுகு பிரேஸுக்காக ஒரு வளரிளம் பெண்ணை எடுத்த ஸ்கேன் அவளுடைய உடம்பின் படம். முகம் வராமல் எடுங்கள், மெல்லிய ஆடையோடு எடுங்கள், அவளிடமும் பெற்றோரிடமும் கேட்டுவிட்டு எடுங்கள். யாருடைய சொந்தக் கைபேசியிலும் அது இருக்கக் கூடாது. உங்கள் தம்பியிடம் முதல் நாளே இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

நேரம் மிச்சமாகும் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். முதல் சில மாதங்களில் மிச்சமாகாது, கூடுதலாகத்தான் ஆகும். இரண்டு வழியும் அருகருகே ஓட வேண்டியிருக்கும். அந்தக் காலத்தில் ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வியை மறக்காமல் கேட்டு எழுதி வையுங்கள்: 0 முதல் 10 வரை இந்தச் சாக்கெட்டின் வசதிக்கு எத்தனை கொடுப்பீர்கள்? சாக்கெட் வசதி மதிப்பெண் என்று நம் துறையில் புழங்கும் எளிய அளவுகோல் இது. கொடுத்த அன்றும், ஒரு மாதம் கழித்தும் கேளுங்கள். எத்தனை முறை திருத்தத்துக்கு வந்தார் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். பிளாஸ்டரில் செய்தவர்களுக்கு ஒரு பக்கம், ஸ்கேனில் செய்தவர்களுக்கு ஒரு பக்கம். ஆறு மாதம் கழித்து அந்த இரண்டு பக்கமும் சொல்வதைக் கேட்டு முடிவெடுங்கள். விற்பனையாளர் சொல்வதையோ நான் சொல்வதையோ அல்ல.

ஒன்றை மட்டும் இழந்துவிடாதீர்கள். மாவுக்கட்டு காயும் அந்தக் கால் மணி நேரத்தில்தான் மனிதர்கள் பேசுவார்கள். இரவில் இல்லாத பாதம் அரிக்கிறது என்பார்கள், மாடிப்படி ஏற முடியவில்லை என்பார்கள், பிள்ளையைத் தூக்க வேண்டும் என்பார்கள். ஸ்கேன் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டதே என்று அவரை எழுப்பி அனுப்பிவிடாதீர்கள். அந்தக் கால் மணி நேரத்தைக் கையால் காலைத் தடவிப் பார்ப்பதற்கும் கேட்பதற்கும் அப்படியே ஒதுக்கி வையுங்கள்.

கடைசியாக உங்கள் மூத்தவர். அவர் நிலை என்ன ஆகும் என்று கேட்டீர்கள். தம்பிக்கு மென்பொருள் தெரியும்; ஆனால் எங்கே தொட வேண்டும் என்று தெரியாது. மூத்தவருக்கு எங்கே தொட வேண்டும் என்று தெரியும். சுட்டியைப் பிடிக்கக் கூச்சப்படுவார். இரண்டு நாற்காலியை ஒரே திரைக்கு முன்னால் போடுங்கள். திருத்துவதற்கு முன்னும் பின்னும் எடுத்த அந்த முதல் வண்ண வரைபடத்தைத் தம்பி திறக்கும்போது மூத்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு நிறத்தையும் காட்டி, இங்கே ஏன் இவ்வளவு எடுத்தீர்கள் அண்ணா என்று தம்பி கேட்கட்டும். அவர் சொல்வதைத் தம்பி ஒரு நோட்டில் எழுதட்டும். அவர் சொல்லத் திணறினால் அந்த வார்ப்பையே அவர் கையில் கொடுங்கள். விரலை வைத்ததும் சொல்லிவிடுவார்.